மவுண்ட் கேம்பியர் பள்ளத் தோட்டம்: முதல் தடவை போகிறவர்களுக்கு

தெற்கு ஆஸ்திரேலியாவில் மவுண்ட் கேம்பியர் என்ற ஊரின் கிழக்கு ஓரம், ஜூபிலி ஹைவே ஈஸ்ட் சாலையில், ஒரு மர அறுவை ஆலைக்குப் பக்கத்திலேயே தரை உள்வாங்கி உண்டான பெரிய குழி ஒன்று இருக்கிறது. குழிக்குள் புல்வெளி, மரப்பெரணி, ஹைட்ரேஞ்சியா, மேல் விளிம்பிலிருந்து நீள நீளமாகத் தொங்கும் ஐவி கொடி என்று ஒரு முழுத் தோட்டமே உண்டு. அம்பர்ஸ்டன் சிங்க்ஹோல் என்பது பழகிப்போன பெயர். பலும்புல் என்பது இந்த மண்ணின் பூர்வகுடிகளான பங்கண்டிஜ் மக்களின் மொழியில் உள்ள பெயர். இப்போது இரண்டையும் சேர்த்தே எழுதுகிறார்கள், அதனால் மேப்பில் வேறு வேறு பெயர் வந்தால் குழம்ப வேண்டாம், இடம் ஒன்றுதான்.

மெல்போர்னிலும் அடிலெய்டிலும் இருக்கிற நம் ஆட்கள் பலர் லாங் வீக்கெண்டில் இந்தப் பக்கம் வருகிறார்கள். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், காரை நிறுத்துவார்கள், விளிம்பில் நின்று எட்டிப் பார்ப்பார்கள், நாலு போட்டோ எடுப்பார்கள், கால் மணி நேரத்தில் அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். அவ்வளவு தூரம் வந்துவிட்டு இப்படிப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. இந்த இடத்தை இரண்டு முறை பார்க்க வேண்டும், பகலில் ஒரு முறை, இருட்டிய பிறகு ஒரு முறை. அதோடு, இது தனியாக ஒரு குழி இல்லை. ஊரின் அடியில் ஓடுகிற தண்ணீரோடு சேர்ந்த விஷயம். அதைப் புரிந்துகொண்டு பார்த்தால் மவுண்ட் கேம்பியரின் மற்ற இடங்களும் ஒன்றோடொன்று சேர்ந்து புரியும். அதற்கு ஏற்ற மாதிரி வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

எந்த மாதம்?

டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் முதல் தடவை வருகிறவர்களுக்குச் சரியான காலம். ஹைட்ரேஞ்சியா பூத்திருக்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வீட்டு வாசலில் பந்து பந்தாகப் பூத்துக் கிடக்குமே, அதே பூதான், இங்கே சுண்ணாம்புக்கல் சுவருக்குக் கீழே கொத்துக் கொத்தாக நிற்கும். ஊரின் இன்னொரு பெரிய காட்சியான நீல ஏரியும் இந்த மாதங்களில்தான் உண்மையிலேயே நீலமாக இருக்கும், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். வெளியே வெயில் கொளுத்துகிற நாளில் பள்ளத்துக்குள் இறங்கினால் நிழலும் ஈரமும் சேர்ந்து நன்றாகவே குளுமையாக இருக்கும், அதற்காகவே கோடையில் வரலாம்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மழையும் குளிரும் இருக்கும். பூ குறைவு, ஆனால் பாசியும் பெரணியும் நல்ல பச்சையில் இருக்கும், கூட்டமும் இருக்காது. சுவரிலும் படியிலும் ஈரம் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எந்தக் காலத்தில் வந்தாலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள், இந்த ஊரில் கோடை இரவும் குளிரும்.

எப்படி வருவது?

மெல்போர்னுக்கும் அடிலெய்டுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது மவுண்ட் கேம்பியர். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் 430, 440 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம் போல ஓட்ட வேண்டும். மெல்போர்னிலிருந்து வருகிறவர்கள் பல்லாரட், ஹாமில்டன், காஸ்டர்டன் வழியாக உள்நாட்டுச் சாலையில் வரலாம், இதுதான் சீக்கிரம். கிரேட் ஓஷன் ரோடு, வாரணம்பூல் வழியாகக் கடலோரமாக வந்தால் நடுவில் ஒரு இரவு தங்கிவிடுவது நல்லது, ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்து சேர்ந்தால் இங்கே இறங்கி நடக்கத் தெம்பு இருக்காது. அடிலெய்டிலிருந்து டெய்லம் பெண்ட், கீத், நரகூர்ட் வழி ஒன்று, கூராங் உப்பங்கழி ஓரமாக ரோப் வழியாக இன்னொன்று. கார் இல்லாதவர்களுக்கு இரண்டு நகரங்களிலிருந்தும் சின்ன விமானம் உண்டு. மெல்போர்னிலிருந்து வாரணம்பூல் வரை ரயிலில் வந்து அங்கிருந்து வி-லைன் பஸ்ஸிலும் வரலாம், ஆனால் வந்த பிறகு ஊருக்குள் சுற்ற டாக்ஸியை நம்ப வேண்டியிருக்கும்.

விக்டோரியா பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. தெற்கு ஆஸ்திரேலியா பழ ஈ வராமல் இருக்க ரொம்பக் கண்டிப்பாக இருக்கிற மாநிலம். வழியில் தின்னலாம் என்று எடுத்து வைத்த ஆப்பிள், மாம்பழம், சமையலுக்கு என்று கூலரில் போட்ட தக்காளி, மிளகாய், எலுமிச்சை எல்லாமே எல்லைக்கு முன்னாலேயே தின்று தீர்க்க வேண்டியவை, மீதியை அங்கே வைத்திருக்கிற தொட்டியில் போட்டுவிட வேண்டும். பிடிபட்டால் அபராதம் உண்டு. சமைத்த சாப்பாட்டுக்குத் தடை இல்லை. ஆகவே புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்று வீட்டிலேயே கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். பழமும் காய்கறியும் மவுண்ட் கேம்பியர் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ளலாம்.

அப்புறம் கடிகாரம். எல்லை தாண்டியதும் தெற்கு ஆஸ்திரேலிய நேரம் அரை மணி பின்னால் போகும். போன் தானாக மாற்றிக்கொள்ளும், கார் கடிகாரம் மாறாது. ஓட்டலில் செக்-இன் செய்யவும் டூருக்கு நேரம் குறிக்கவும் இது தேவைப்படும். எல்லைக்குப் பக்கத்திலேயே ஊர் இருப்பதால் சில இடங்களில் போனே குழம்பி இரண்டு நேரத்தையும் மாற்றி மாற்றிக் காட்டக்கூடும்.

வந்து சேர்ந்ததும்

நுழைவுக் கட்டணம் கிடையாது. கேட் பூட்டுவதும் கிடையாது, 24 மணி நேரமும் திறந்திருக்கும். பார்க்கிங்குக்கும் பணம் இல்லை. மேலே தரை மட்டத்தில் புல்வெளி, உட்கார்ந்து சாப்பிட இடம், பார்பிக்யூ அடுப்பு, கழிவறை எல்லாம் இருக்கின்றன. கழிவறை மேலேதான், கீழே இல்லை. குழந்தைகளை இறங்குவதற்கு முன்னாலேயே அழைத்துப் போய்விடுங்கள்.

சாப்பாட்டை முதலில் முடித்துவிட்டு இறங்குவதா, ஏறி வந்து சாப்பிடுவதா என்றால், ஏறி வந்து சாப்பிடுங்கள் என்பேன். வயிறு நிறைய தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டு அந்தப் படிகளை ஏறுவது யாருக்கும் சுகமாக இருக்காது.

ஊரிலிருந்து வந்திருக்கிற அப்பா அம்மாவை அழைத்து வருகிறவர்களுக்கு: கீழே போகப் படிகள் இறங்கியாக வேண்டும், பல மாடி ஆழம். லிப்ட் கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்களை வற்புறுத்தாதீர்கள். மேலேயே விளிம்பை ஒட்டிச் சமதரையில் நடந்து முழுத் தோட்டத்தையும் பார்க்க முடியும், சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் மேலிருந்து பார்க்கலாம். பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் மேலிருந்து பார்க்க, பேரப்பிள்ளைகள் கீழே ஓடிக்கொண்டிருக்க, அதுவும் நல்ல நேரம்தான். இறங்கத் தயாராக இருக்கிற பெரியவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று இறங்கட்டும், அவசரமே இல்லை. ஸ்ட்ரோலரை மேலேயே விட்டுவிட்டுக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொள்வதுதான் நடக்கிற காரியம். செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போடுங்கள், புடவையோ வேட்டியோ கட்டியிருந்தால் ஈரமான படியில் கொஞ்சம் கவனம்.

மேலே நின்று ஐந்து நிமிடம்

உடனே இறங்காதீர்கள். விளிம்பில் நின்று எதிர்ச் சுவரைப் பாருங்கள். வெளிர் மஞ்சளும் வெள்ளையுமாக அடுக்கடுக்காகத் தெரிகிற அந்தக் கல் சுண்ணாம்புக்கல். இரண்டு மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் கடலடியாக இருந்தபோது சிப்பிகளும் நுண்ணிய கடல் உயிர்களின் ஓடுகளும் படிந்து படிந்து கெட்டியானது. ஊருக்குள் வரும்போது பழைய வீடுகளும் கடைகளும் ஒரே வெளிர் நிறக் கல்லில் கட்டப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதே கல்தான். ரம்பத்தால் அறுத்தெடுக்கிற அளவுக்கு மெதுவான கல்.

மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது கல்லின் விரிசல்களில் இறங்கி, நாள்பட நாள்படக் கல்லைக் கரைத்துக் கீழே ஒரு குகையை உண்டாக்குகிறது. குகை பெரிதாகிக்கொண்டே போய் ஒரு நாள் கூரை தாங்காமல் இடிந்து விழுகிறது. அப்படிக் கூரை விழுந்த குகைதான் இந்தப் பள்ளம். நீங்கள் நிற்கிற விளிம்பு அந்தக் கூரையின் மிச்சம். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், சுவர் சில இடங்களில் நேராக இறங்காமல் உள்பக்கமாகக் குடைந்து போவது ஏன் என்று புரியும். மேலே கூரையின் ஓரம் நீட்டிக்கொண்டிருக்கிறது, கீழே குகை அகன்றிருக்கிறது.

வேலியைத் தாண்டி எட்டிப் பார்க்கவோ, குழந்தையைத் தூக்கிக் காட்டவோ வேண்டாம்.

இறங்குவது

படிகள் கல்சுவரை ஒட்டியே இறங்குகின்றன. இறங்க இறங்க ஹைவேயில் போகிற லாரிச் சத்தம் குறைந்துகொண்டே வரும். பாதி வழியில் ஒரு தடவை நின்று சுவரைக் கிட்டத்தில் பாருங்கள். தூரத்திலிருந்து வழவழவென்று தெரிந்த கல், பக்கத்தில் பார்த்தால் சின்னச் சின்னத் துளையும் பொடியுமாக இருக்கும். சிப்பித் துண்டுகள், வலை வலையாக ஏதோ நெய்தது போன்ற துணுக்குகள் தெரியும், அவை பிரயோசோவா என்ற கடல் உயிரின் எச்சங்கள். மெல்ல விரலால் தொட்டால் மாவு ஒட்டும். தொட்டுப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இவ்வளவு மெதுவான கல்லில் சாவியால் பெயர் கீறுவது சுலபம், கீறினது போகவே போகாது. இப்படிக் கீறி வைத்த பெயர்களைச் சுண்ணாம்புக்கல் குகைகளில் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். கூட வருகிற பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கீழே தோட்டம் ஒரே மட்டமாக இல்லை. நடுவில் தட்டுத் தட்டாக ஏறி இறங்குகிறது. அவசரப்படாமல் சுவரை ஒட்டி ஒரு சுற்று முழுதாக நடந்து, அதன் பிறகு நடுவில் வாருங்கள். சுவர் ஓரமாகப் போகும்போது தொங்குகிற ஐவி கொடிகளுக்குப் பின்னால் போக முடிகிற இடங்கள் வரும். கொடிக்கும் சுவருக்கும் நடுவில் நின்று வெளியே பார்த்தால் பச்சை வழியாக வெளிச்சம் வடிகட்டி வரும், இந்தத் தோட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான். கொடியைப் பிடித்துத் தொங்குவது, இழுப்பது எல்லாம் வேண்டாம். மேலே அது பிடித்துக்கொண்டிருப்பதும் அந்த மெதுவான கல்லைத்தான்.

பாதையை விட்டுப் பாத்திக்குள் இறங்காதீர்கள். செடிக்காக மட்டும் சொல்லவில்லை, கோடையில் இந்த நாட்டில் எந்தப் புதருக்குள்ளும் காலை விடுவது நல்ல பழக்கம் இல்லை.

கீழே குறைந்தது முக்கால் மணி நேரமாவது இருங்கள். ஒரு சனிக்கிழமை பிற்பகலில் போனால் யாருக்காவது இங்கே கல்யாணம் நடந்துகொண்டிருக்கலாம், அப்படியென்றால் சற்று ஒதுங்கி ஓரமாகச் சுற்றிவிட்டு வருவது மரியாதை.

ஏரி எங்கே போனது?

இந்தத் தோட்டத்தைப் போட்டவர் ஜேம்ஸ் அம்பர்ஸ்டன் என்ற விவசாயி. 1864-இல் இந்த நிலத்தை வாங்கினார். வயதாகி ஓய்வுக்கு வந்த பிறகு, 1886 வாக்கில், பாறைச் சுவரை வெட்டிப் பாதை போட்டு, உள்ளே செடி கொடி வைத்து, ஊர் மக்கள் வந்து போகிற இடமாக மாற்றினார். அப்போது பள்ளத்தின் அடியில் ஒரு ஏரி இருந்தது. அதில் படகு விட்டார்கள். வெயிலுக்கு இளைப்பாற ஊரே இங்கே வந்தது.

இப்போது கீழே எங்கே தேடினாலும் அந்த ஏரி இல்லை. அது மழைநீர் தேங்கிய குட்டை இல்லை. நிலத்தடி நீர் மட்டம் அந்த உயரத்தில் இருந்ததால் பள்ளத்துக்குள் தெரிந்தது. மட்டம் இறங்கியதும் ஏரி காணாமல் போனது. நம் ஊரில் கிணறு வற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பள்ளத்தின் அடியில் நிற்கும்போது, ஒரு காலத்தில் இங்கே தலைக்கு மேல் தண்ணீர் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அம்பர்ஸ்டன் 1900-இல் இறந்தார். அதற்குப் பிறகு தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, புதர் மண்டியது. 1949-இல் மாநிலத்தின் வனத்துறை மர ஆலை அமைப்பதற்காக இந்தப் பகுதியை எடுத்துக்கொண்டது. பள்ளம் குப்பை கொட்டுகிற இடமானது. ஒரு குழி சும்மா இருந்தால் அதில் குப்பை போடத் தோன்றும் மனிதனின் குணம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. 1976-இல் அந்தத் துறையில் வேலை பார்த்தவர்களே முன்வந்து, குப்பையை அள்ளி, புதரை வெட்டி, தோட்டத்தைத் திரும்பக் கொண்டுவரத் தொடங்கினார்கள். 1994-இல் நகர சபையின் கைக்கு வந்தது, 1995-இல் மாநிலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நீங்கள் நடக்கிற ஒவ்வொரு தட்டும் ஆலைத் தொழிலாளிகள் சொந்த உழைப்பைப் போட்டு மீட்ட இடம். அம்பர்ஸ்டனின் பெயரைப் போர்டில் பார்ப்பவர்கள் இவர்களையும் கொஞ்சம் நினைக்க வேண்டும் என்பது என் ஆசை.

போட்டோ

நடுப்பகலில் வெயில் நேராக அடிவரை விழும், அப்போது பூவும் புல்லும் நன்றாக வரும். காலையிலும் மாலையிலும் பாதிப் பள்ளம் நிழலில் இருக்கும். கீழிருந்து வானத்தையும் சேர்த்து எடுத்தால் வானம் வெளுத்துவிடும், செடி கறுத்துவிடும். போனில் செடியின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஆளை நிறுத்தி எடுக்க ஐவி கொடியின் முன்பக்கம் போதும், சுவர் விளிம்பில் ஏற்றி நிறுத்துவது வேண்டவே வேண்டாம்.

இருட்டிய பிறகு திரும்ப வாருங்கள்

இதுதான் பலர் தவறவிடுவது. பொழுது சாய்ந்ததும் தோட்டத்தில் விளக்குகள் எரியும், சுவர்களில் பொந்துகளிலும் கொடிகளுக்குள்ளும் பகலெல்லாம் தூங்கிய போசம்கள் ஒவ்வொன்றாக இறங்கி வரும். போசம் என்பது பூனை அளவில், புசுபுசுவென்ற வாலும் பெரிய கண்ணும் உள்ள ஒரு மரவாழ் பிராணி. கங்காரு மாதிரியே குட்டியைப் பையில் சுமக்கும், சற்று வளர்ந்த குட்டி தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும். இங்கே இருப்பவை மனிதர்களுக்குப் பழகியவை, கிட்டத்திலேயே வரும்.

நேரத்தைக் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் சூரியன் மறையவே எட்டரை மணி ஆகிவிடும், அதற்கப்புறம் இருட்ட வேண்டும், ஆகவே ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் போசம் பார்க்க முடியும். சின்னப் பிள்ளைகளை மத்தியானம் கொஞ்சம் தூங்க வைத்துவிடுவது நல்லது. ஜூனில் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும் என்பதால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே பார்த்துவிடலாம், குளிர்காலத்துக்கு இருக்கிற பெரிய வசதி அது.

கீழே போனதும் ஓரிடத்தில் சும்மா நில்லுங்கள். கூட்டமாகத் தேடிக்கொண்டு நடந்தால் ஒன்றும் வராது. பத்து நிமிடம் பேசாமல் நின்றால் முதலில் இலை சரசரக்கும், பிறகு சுவரில் ஏதோ நகர்வது தெரியும். டார்ச்சைக் கண்ணில் அடிக்காதீர்கள். தரையைப் பார்த்து அடித்தாலே போதும், அந்த வெளிச்சத்திலேயே தெரியும். போட்டோவுக்கு ஃபிளாஷ் வேண்டாம். பிரெட், பிஸ்கட், முறுக்கு எதுவும் போடாதீர்கள், அவற்றின் வயிற்றுக்கு ஆகாது. ஆசையாக இருக்கிறது என்று தொடவோ தூக்கவோ போனால் நகத்தால் நன்றாகவே கீறிவிடும். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், விளக்கு இருந்தாலும் படிகளில் நிழல் விழும்.

ஒரு நடைமுறை விஷயம்: ஊரில் ஓட்டல் சமையலறைகள் சீக்கிரம் மூடிவிடும், ஞாயிற்றுக்கிழமை சொல்லவே வேண்டாம். கோடையில் போசம் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று இருந்தால் பட்டினிதான். முன்னாலேயே சாப்பிட்டுவிடுங்கள்.

ஊருக்குள் இருக்கிற இன்னும் இரண்டு குழிகள்

பலும்புலைப் பார்த்த பிறகு ஊரின் நடுவே இருக்கிற துகி என்கிற கேவ் கார்டனுக்குப் போங்கள். காரில் சில நிமிடம்தான். நூலகத்துக்கும் பழைய டவுன் ஹாலுக்கும் பக்கத்தில் ரோஜாத் தோட்டம், அதன் நடுவில் ஆழமான ஒரு கல் குழி. வெள்ளைக்காரர்கள் வந்து குடியேறிய புதிதில் தண்ணீர் எடுத்தது இதிலிருந்துதான், ஊர் இந்த இடத்தில் எழுந்ததற்கு இந்தக் குழியும் ஒரு காரணம். நல்ல மழைக்குப் பிறகு போனால் தெருவில் ஓடுகிற தண்ணீர் உள்ளே அருவியாக விழுவதைப் பார்க்கலாம். இருட்டியதும் பாறைச் சுவரில் பூர்வகுடிகளின் கதைகளைச் சொல்லும் ஒளிக்காட்சி உண்டு, அதற்கும் கட்டணம் இல்லை. போசம் பார்க்கிற அதே இரவில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று எங்கல்பிரெக்ட் குகை, ஜூபிலி ஹைவேயின் மேற்குப் பக்கம். இங்கே கூரை முழுவதும் விழவில்லை, குகை தெருக்களுக்கு அடியிலேயே போகிறது. கட்டணம் கட்டி வழிகாட்டியோடு போக வேண்டும். இதுவும் ஒரு காலத்தில் குப்பைக் குழியாக இருந்து, பிறகு சுத்தம் செய்யப்பட்டது. உள்ளே இறங்கி அடியில் நிலத்தடி நீரைக் கண்ணால் பார்க்கலாம், பலும்புலில் காணாமல்போன தண்ணீரை இங்கே பார்த்துவிடுவீர்கள். நேரம் குறைவாக இருந்தால் வேறு எதையாவது விடுங்கள், இதை விடாதீர்கள்.

நீல ஏரி

மறுநாள் காலையில் வார்வார் என்கிற நீல ஏரி. எரிமலையின் வாயில் நிற்கிற தண்ணீர், ஆழம் 70 மீட்டருக்கு மேல். விளிம்பைச் சுற்றி நடைபாதை 3.6 கிலோமீட்டர், மெதுவாக நடந்தால் ஒரு மணி நேரம். நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை கண்ணைப் பறிக்கிற நீலம், குளிர்காலத்தில் சாம்பல் கலந்த நிறம்.

இதற்கும் பள்ளத் தோட்டத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. இந்த ஏரிக்கு ஆறு எதுவும் வந்து விழுவதில்லை. சுண்ணாம்புக்கல் வழியாக ஊறி வருகிற நிலத்தடி நீர்தான் இதை நிரப்புகிறது. வருகிற வழியில் கல்லைக் கரைத்துக்கொண்டு வருகிறது. கோடையில் மேல்தண்ணீர் சூடானதும் கரைந்திருந்த சுண்ணாம்பு நுண்ணிய படிகங்களாகப் பிரிந்து, தண்ணீரைத் தெளிய வைத்து, நீல ஒளியைச் சிதறடிக்கிறது. பலும்புலின் கூரையைக் கரைத்த அதே வேலைதான் ஏரிக்கு நீலத்தையும் கொடுக்கிறது. ஊர் குடிப்பதும் இந்த ஏரித் தண்ணீரைத்தான். ஆகவே இங்கே ஒரு பள்ளத்தில் குப்பையோ கழிவோ கொட்டினால் அது குடிதண்ணீருக்கும் வந்து சேரக்கூடிய விஷயம், பள்ளத்தில் ஒரு பிளாஸ்டிக் கவரைக்கூட விட்டுவிட்டு வராதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பங்கண்டிஜ் மக்களின் கதை ஒன்று உண்டு. கிரைட்புல் என்ற பேருருவ மூதாதை, குடும்பத்தோடு இடம் மாறி மாறி வந்து, கடைசியில் இந்த மலையில் தங்கி, சமைக்க மண்ணைத் தோண்டி அடுப்பு போடுகிறார். அடியிலிருந்து தண்ணீர் ஊறி நெருப்பை அணைத்துவிடுகிறது. வேறு இடத்தில் தோண்டுகிறார், அங்கேயும் தண்ணீர். நான்கு முறை தோண்டிய அந்த நான்கு அடுப்புக் குழிகள்தான் மலையின் நான்கு ஏரிகள். எரிமலை நெருப்பு, அதன் பிறகு கீழிருந்து ஏறிய நிலத்தடி நீர், இரண்டையுமே அந்த மக்கள் ஒரு சமையல் கதையில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஏரிக் கரையில் நின்று பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள், அறிவியல் விளக்கத்தைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

தண்ணீருக்குள் இறங்க ஆசை உள்ளவர்கள்

ஊருக்குத் தெற்கே தண்ணீர் நிறைந்த சிங்க்ஹோல்களும் ஊற்றுக் குளங்களும் இருக்கின்றன. யூவன்ஸ் பாண்ட்ஸ், பிக்கானினி பாண்ட்ஸ், ஆட்டுப் பண்ணைக்குள் இருக்கிற கில்ஸ்பி சிங்க்ஹோல் எல்லாம் ஸ்னார்க்கலிங்குக்குப் பேர்போனவை. முன்பதிவு அல்லது அனுமதி வேண்டும், தண்ணீர் கோடையிலும் உறைய வைக்கும் குளிர், தடித்த வெட்சூட் இல்லாமல் இறங்க முடியாது. ஆழத்துக்கு டைவ் செய்வது குகை டைவிங்கில் முறையாகப் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே. 1973-இல் இந்தப் பகுதியில் ஒரே குழிக்குள் நான்கு டைவர்கள் வழி தெரியாமல் இறந்தார்கள், கண்டிப்பான விதிகள் அதற்குப் பிறகு வந்தவை. நீந்தத் தெரியும் என்ற தைரியத்தில் எந்தக் குழியிலும் குதிக்காதீர்கள், பிள்ளைகளைத் தண்ணீர் ஓரத்தில் தனியாக விடாதீர்கள்.

திரும்புவது

இரவு போசம் பார்த்துவிட்டு அப்படியே மெல்போர்னுக்கோ அடிலெய்டுக்கோ வண்டியைக் கிளப்ப வேண்டாம். பொழுது சாய்ந்த பிறகும் விடிகிற நேரத்திலும் இந்தச் சாலைகளில் கங்காருக்கள் குறுக்கே வரும், பைன் மரம் ஏற்றிய நீள லாரிகளும் ஓடிக்கொண்டிருக்கும், நடுவில் சிக்னல் இல்லாத இடங்கள் உண்டு. ஊரிலேயே ஒரு இரவு தங்குங்கள், கேரவன் பார்க்கில் கேபின் எடுத்தால் சமையலறையும் கிடைக்கும். கோடை விடுமுறையிலும் ஈஸ்டர் சமயத்திலும் முன்னாலேயே புக் பண்ணிவிடுங்கள். அடிலெய்ட் பக்கம் திரும்புகிறவர்கள் வழியில் நரகூர்ட் குகைகளுக்கு ஒரு அரை நாள் ஒதுக்கலாம், உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1994-இல் சேர்ந்த இடம், மவுண்ட் கேம்பியரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். அங்கேயும் இதே சுண்ணாம்புக்கல்தான், அங்கே குழிக்குள் தவறி விழுந்த பழங்கால விலங்குகளின் எலும்புகள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. டூர் நேரத்தை முந்தின நாளே பார்த்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.